எட்டாவது பொட்டி

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். ஆணி அதிகமா இருக்கிறவங்க சனிக்கிழமை வந்து படிங்க. பங்குச் சந்தை பத்தி ஒண்ணும் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். எழுதுற எனக்கே அவ்வளவா தெரியாது :-)

நான் ரோபாட் மேய்க்கிறவன். சென்னையில ஓ.எம்.ஆர். பக்கம் பொட்டி தட்டுற வேலை, அதுல எனக்கு வாய்ச்ச பிரிவு ஆர்.பி.ஏ. முதல் நாள் "ரோபாட் சம்பந்தமான வேலைம்மா"ன்னு சொன்னதும் எங்க அம்மா எந்திரன் படத்து சிட்டி ரேஞ்சுக்கு நினைச்சு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டு சொல்லிட்டாங்க. நிஜத்துல எங்க ரோபாட்டுக்கு கையும் கிடையாது, காலும் கிடையாது. ஒரு குமாஸ்தா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து மெயிலைத் திறந்து, பில்லை எடுத்து, எக்செல்ல போட்டு, இன்னொரு சாஃப்ட்வேர்ல டைப் அடிச்சு சேவ் பண்றார் இல்லையா, அதையே ஒரு புரோகிராம் மவுஸை நகர்த்தி, கீபோர்டைத் தட்டி செய்யும். அவ்ளோதான்.

இந்தத் தொழில்ல தினமும் புழங்குற வார்த்தைகள் மூணு. பேக்கேஜ், மிஷின், ரோபாட். கல்யாண சமையலை வச்சு சொன்னா சுலபமா புரியும். பேக்கேஜ்ங்கிறது சமையல் குறிப்பு எழுதின நோட்டு. மிஷின்ங்கிறது அடுப்படி. ரோபாட்ங்கிறது அந்த நோட்டைப் பார்த்து அந்த அடுப்படியில நின்னு சமைக்கிற மாஸ்டர். எந்த நோட்டு எந்த அடுப்படிக்குப் போகணும், எந்த மாஸ்டர் எங்கே நிக்கணும்னு பார்த்துக்கிற கான்ட்ராக்டர் ஒருத்தர் வேணும். அதுக்கும் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. ஒருத்தர் ஆர்க்கெஸ்ட்ரேட்டர்னு பேர் வச்சிருக்கார், இன்னொருத்தர் கன்ட்ரோல் ரூம்னு சொல்றார். வேலை ஒண்ணுதான்.

இந்தக் கான்ட்ராக்டர் இல்லாம கல்யாணம் பண்ணா என்ன ஆகும்? மூணு வருஷம் முன்னாடி நானே பண்ணிப் பார்த்தேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர், பேர் வேண்டாம். ஆறு மிஷின்ல எங்க ரோபாட்டுங்க பில் என்ட்ரி போட்டுக்கிட்டு இருந்தது. மையக் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் காசு தர மாட்டேன்னுட்டாங்க. அதனால ஒவ்வொரு தடவை புது பேக்கேஜ் வரும்போதும் ரிமோட்ல ஒவ்வொரு மிஷினுக்கா போய், ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டு வரணும். எந்தெந்த மிஷின்னு நான் ஒரு எக்செல் ஷீட் வச்சிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது பேக்கேஜ் ரெடி. எனக்கு ஊருக்கு பஸ் ஏறணும். ஈரோட்டுப் பக்கத்துப் பையன் ஒருத்தன் ஃப்ரெஷரா சேர்ந்திருந்தான், அவன்கிட்ட ஷீட்டைக் கொடுத்து, "இதுல இருக்கிற எல்லாத்துலயும் போட்டுடு, டிக் அடிச்சு அனுப்பு"ன்னேன். அவனும் போட்டு, டிக் அடிச்சு, அனுப்பிட்டான். அஞ்சு வரி, அஞ்சு டிக்.

ஆறாவது மிஷின் ஷீட்லயே இல்ல. மார்ச் மாசத்து கணக்கு முடிக்கிற அவசரத்துல சேர்த்தது. ஷீட்ல ஒரு வரி சேர்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

பழைய பேக்கேஜ், ஏற்கெனவே போட்ட பில்லான்னு பழைய ரிஜிஸ்டர்ல தேடும். புது பேக்கேஜுக்காக அந்த ரிஜிஸ்டரை நாங்க காலி பண்ணி வேற இடத்துக்கு மாத்தியிருந்தோம். திங்கக்கிழமை காலையில ஆறாவது மிஷின் எழுந்து பார்த்தது. ரிஜிஸ்டர்ல ஒண்ணுமே இல்ல. சரி, எல்லாமே புது பில் போலிருக்குன்னு நினைச்சு பழைய பில்லையெல்லாம் மறுபடி போட ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் கழிச்சு அங்க அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு அம்மா கண்டுபிடிச்சாங்க. நூத்தி நாப்பது சொச்சம் பில் ரெட்டையா விழுந்திருந்தது. சிலதுக்குப் பணமும் போயாச்சு.

மீட்டிங்ல கேட்ட முதல் கேள்வி, "காப்பி பண்ணது யாரு?" டேமேஜர் அந்தப் பையன் பேரைச் சொன்னார். நான் பக்கத்துல உட்கார்ந்து லேப்டாப் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அடுத்த வாரம் அவனை ப்ராஜெக்ட்ல இருந்து எடுத்துட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இப்படி வேற யாருக்காவது நடந்திருக்கான்னு தேடினேன். நடந்திருக்கு. என்னோடதை விட ரொம்பப் பெருசா. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான்.

2012 ஆகஸ்ட் 1, புதன்கிழமை. நான் அப்போ ஸ்கூல் பையன், பங்குச் சந்தைன்னா என்னன்னே தெரியாது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்து ஜெர்ஸி சிட்டியில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு பங்கு வணிக நிறுவனம் இருந்தது. (ராத்திரி இல்லீங்க, குதிரைவீரன் நைட்.) 1995-ல் தொடங்கினது. சும்மா தெருமுனை புரோக்கர் கிடையாது. அமெரிக்கப் பங்கு வர்த்தகத்துல சுமார் 10 சதவீதம் அவங்க கை வழியாப் போய்க்கிட்டு இருந்தது.

அவங்ககிட்ட ஸ்மார்ஸ் என்று ஒரு சாஃப்ட்வேர். மொத்தமா வர்ற ஆர்டரை வாங்கி, சின்னச் சின்னதாப் பிரிச்சு, எந்தச் சந்தையில நல்ல விலை கிடைக்குதோ அங்க அனுப்புறது இதோட வேலை. கோயம்பேட்டுல ஒரு ஓட்டல்காரர் "நூறு கிலோ தக்காளி வேணும்"னு சொன்னா, புரோக்கர் இந்தக் கடையில இருபது, அந்தக் கடையில முப்பதுன்னு வாங்கிச் சேர்ப்பார் இல்லையா, அதேதான். நூறு சேர்ந்ததும் நிறுத்தணும். அதுக்கு ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கணும், இதுவரைக்கும் எத்தனை கிலோ வந்திருக்குன்னு. இந்தக் கணக்கை மறந்துடாதீங்க, பின்னாடி வரும்.

ஸ்மார்ஸ் எட்டு சர்வர்ல ஓடிக்கிட்டு இருந்தது. எங்க பாஷையில எட்டு மிஷின், எட்டுலயும் ஒரே பேக்கேஜ்.

நியூயார்க் பங்குச் சந்தை சில்லறை முதலீட்டாளர்களுக்காக ஒரு புதுத் திட்டம் கொண்டு வந்தது. ஜூலை தொடக்கத்துல அனுமதி, ஆகஸ்ட் 1 தொடக்கம். முதல் நாளே கலந்துக்கணும்னா ஒரு மாசத்துக்குள்ள கோடு எழுதி ஏத்தணும். நைட் ஆளுங்க எழுதினாங்க. அதுவரைக்கும் எல்லாம் சரி.

இந்தப் புது கோடு உட்கார்ந்த இடத்துல பவர் பெக் என்று ஒரு பழைய கோடு இருந்தது. அதை அவங்க உபயோகிக்கிறதை நிறுத்தினது 2003-ல். நிறுத்தினாங்களே தவிர அழிக்கல. ஒன்பது வருஷமா அது அங்கேயே, யாராவது கூப்பிட்டா எழுந்து வர்ற நிலைமையில, தூங்கிக்கிட்டு இருந்தது. நம்ம எல்லா ப்ராஜெக்ட்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். "அது எதுக்குன்னு தெரியாது, ஆனா தொடாத"ன்னு சீனியர் சொல்லிட்டுப் போன கோடு.

நடுவுல 2005-ல் ஒரு காரியம் பண்ணாங்க. இதுவரைக்கும் எத்தனை பங்கு வாங்கியாச்சுன்னு பார்க்கிற கணக்கை, மேல சொன்னேனே, அதை கோடுல வேற இடத்துக்கு மாத்தினாங்க. மாத்தினதுக்கு அப்புறம் பவர் பெக் சரியா ஓடுதான்னு பரிசோதிக்கல. உபயோகத்துலயே இல்லாததை யார் பரிசோதிப்பா? ஆக, தூங்கிக்கிட்டு இருந்தவருக்கு எண்ணத் தெரியாம போச்சு. எழுந்தா, போதும்னு சொல்லத் தெரியாம வாங்கிக்கிட்டே இருப்பார்.

இன்னொண்ணு. புது கோடை இயக்க ஒரு அடையாளம் தேவைப்பட்டது. நம்ம வழக்கத்துல ஃப்ளாக்னு சொல்வோம், ஆமா இல்லைன்னு ஒரு ஸ்விட்ச். புதுசா ஒண்ணு வைக்கிறதுக்குப் பதிலா, முன்னாடி பவர் பெக்கை எழுப்புறதுக்கு இருந்த அதே ஸ்விட்சை எடுத்துக்கிட்டாங்க. வீட்டுல தண்ணி மோட்டாருக்கு இருந்த பழைய ஸ்விட்சை வாசல் லைட்டுக்கு மாத்திக்கிற மாதிரி. எட்டு வீட்டுலயும் ஒயரிங் மாத்திட்டா ஒரு பிரச்சினையும் இல்ல.

ஜூலை 27-ல இருந்து நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா, சில சர்வர் சில சர்வரா, புது பேக்கேஜை ஏத்தினாங்க. காப்பி பண்ண டெக்னீஷியன் ஒரு சர்வரை விட்டுட்டார். ஏழுல புதுசு, எட்டாவதுல பழசு. ஏழு வீட்டுல லைட், எட்டாவது வீட்டுல இன்னும் மோட்டார்.

இதை எப்படிக் கண்டுபிடிச்சிருக்கலாம்? இன்னொருத்தர் வந்து எட்டையும் ஒரு தடவை பார்த்திருந்தா போதும். யாரும் பார்க்கல. பார்க்கணும்னு எழுதி வச்ச விதியும் அங்க கிடையாது.

ஆகஸ்ட் 1 காலையில சந்தை திறக்கிறது 9.30-க்கு. 8.01-ல இருந்தே உள்ள ஒரு சிஸ்டம் மெயில் அனுப்ப ஆரம்பிச்சிருக்கு. அந்த மெயில்கள்ல ஸ்மார்ஸ் பேரும் இருந்தது, பவர் பெக் பேரும் இருந்தது. 9.30-க்குள்ள மொத்தம் 97 மெயில். ஒரு குழுவுக்கே போயிருக்கு. ஒருத்தரும் கண்டுக்கல. அது எச்சரிக்கை மெயிலா வடிவமைக்கப்பட்டது இல்லை, வழக்கமா யாரும் படிக்கிறதும் இல்லையாம். சிரிக்காதீங்க. உங்க மெயில்ல தானா வர்ற ரிப்போர்ட்டையெல்லாம் ரூல் போட்டு ஒரு ஃபோல்டருக்குத் தள்ளி வச்சிருக்கீங்களே, அதுல படிக்காம இப்போ எத்தனை இருக்குன்னு பாருங்க. என்னோடதுல நாலாயிரத்து சொச்சம்.

9.30-க்கு சந்தை திறந்தது. வாடிக்கையாளர்களோட சில்லறை ஆர்டர்கள் புது ஸ்விட்சோட வந்தது. ஏழு சர்வர் ஒழுங்கா வேலை பார்த்தது. எட்டாவதுல பவர் பெக் ஒன்பது வருஷம் கழிச்சு கண்ணைத் திறந்தது. அதுகிட்ட போய்ச் சேர்ந்த ஆர்டர்களை சின்னதாப் பிரிச்சு அனுப்பிச்சு, அனுப்பிச்சு, அனுப்பிக்கிட்டே இருந்தது. வாங்கியாச்சுன்னு பதில் வந்தாலும் அதுக்கு எண்ணத் தெரியாதே.

கணக்கைப் பாருங்க. ஸ்மார்ஸ் எடுத்துக்கிட்ட ஆர்டர் 212. அதை வச்சு 45 நிமிஷத்துல அது சந்தைக்கு அனுப்பின ஆர்டர் லட்சக்கணக்குல. நடந்து முடிஞ்ச பரிவர்த்தனை மட்டும் 40 லட்சத்துக்கு மேல. 154 கம்பெனிகளோட பங்குகள், மொத்தம் 39.7 கோடிப் பங்குகளுக்கு மேல. கடைசியில் 80 கம்பெனிகளில் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கிக் குவிச்சிருந்தது, 74 கம்பெனிகளில் சுமார் 315 கோடி டாலருக்கு கையில் இல்லாத பங்கை வித்திருந்தது. அவசரமா வாங்குறவன் விலையைத் தானே ஏத்திக்குவான், அவசரமா விக்கிறவன் தானே இறக்கிக்குவான். 37 கம்பெனிகளோட பங்கு விலை 10 சதவீதத்துக்கு மேல நகர்ந்தது, அதுல பாதிக்கு மேற்பட்ட வியாபாரம் இந்த ஒரு நிறுவனம் பண்ணினது.

உள்ள இருந்தவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க. ஏதோ தப்பா ஓடுதுன்னு தெரியுது. என்னன்னு தெரியல. சந்தை ஓடிக்கிட்டு இருக்கு. நம்மள்ல யாரா இருந்தாலும் என்ன பண்ணுவோம்? "நேத்து ராத்திரி என்ன மாத்தினோம்? புது கோடு. அதைக் கழட்டு." அவங்களும் அதேதான் பண்ணாங்க. ஒழுங்கா ஓடிக்கிட்டு இருந்த ஏழு சர்வர்லயும் புது கோடைக் கழட்டினாங்க. இப்போ எட்டு வீட்டுலயும் மோட்டார். ஆர்டர்ல ஸ்விட்ச் அப்படியே வந்துக்கிட்டு இருந்ததால, பவர் பெக் அந்த ஏழு சர்வர்லயும் எழுந்திருச்சு. அவ்வ்வ்வ்வ்.

இந்த இடத்தைப் படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. ஏன்னா அந்தத் திங்கக்கிழமை ரெட்டை பில் விழுதுன்னு தெரிஞ்சிருந்தா நானும் முதல் காரியமா புது பேக்கேஜைத்தான் எல்லா மிஷின்லயும் திருப்பி இறக்கியிருப்பேன். ஆறும் சேர்ந்து காலி ரிஜிஸ்டரைப் பார்த்து ரெட்டை பில் போட்டிருக்கும். அந்த அக்கவுண்ட்ஸ் அம்மா ரெண்டு நாள் லேட்டா கண்டுபிடிச்சதுல எனக்கு ஒரு நன்மை, அதுக்குள்ள ஆறாவது மிஷின் ஒண்ணு இருக்குங்கிறது ஞாபகம் வந்துடுச்சு.

நைட் கேப்பிட்டலோட மொத்த நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல. அன்றைய மதிப்பில் சுமார் 2,500 கோடி ரூபாய். நிமிஷத்துக்கு ஒரு கோடி டாலர்னு வச்சுக்கலாம். ரெண்டே நாள்ல அவங்க பங்கு விலை முக்கால்வாசி காணாம போச்சு. அந்த வாரக் கடைசியில ஜெஃப்ரீஸ், பிளாக்ஸ்டோன், கெட்கோ உள்ளிட்ட சில நிறுவனங்கள் சேர்ந்து 40 கோடி டாலர் போட்டு மூழ்காம பிடிச்சாங்க. 2013 ஜூலையில் கெட்கோவோட இணைச்சு கே.சி.ஜி. ஹோல்டிங்ஸ்னு ஆச்சு. அதையும் 2017-ல் விர்ச்சு வாங்கிடுச்சு. நைட் கேப்பிட்டல் கதை முடிஞ்சது.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி. 2013 அக்டோபர்ல 1.2 கோடி டாலர் அபராதம் போட்டுச்சு. நான் மேல சொன்ன விவரங்கள்ல முக்காவாசி அந்த உத்தரவுல இருக்கிறதுதான். அரசாங்க ஆவணம் இவ்வளவு தெளிவா இருக்கும்னு நான் எதிர்பார்க்கல. அதுல என்னைப் பிடிச்சு நிறுத்தினது ஒரு விஷயம். காப்பி பண்ண மறந்த ஆளோட பேர் எங்கேயுமே கிடையாது. "டெக்னீஷியன்களில் ஒருவர்"ங்கிற மாதிரி ஒரே ஒரு வரி, அதோட நகர்ந்துட்டாங்க. மிச்சம் பக்கம் பக்கமா கேட்டதெல்லாம் கம்பெனியைத்தான். ரெண்டாவது ஆள் சரிபார்க்கணும்னு ஏன் விதி இல்ல? செத்த கோடு ஏன் சர்வர்ல இருந்தது? அளவு மீறினா தானா நிறுத்துற கட்டுப்பாடு ஏன் இல்ல? பிரச்சினை வந்தா என்ன பண்ணணும்னு ஊழியர்களுக்கு ஏன் எழுதிக் கொடுக்கல? "காப்பி பண்ணது யாரு"ன்னு அவங்க ஆரம்பிக்கல.

சரி, 2012-ல இதுக்கெல்லாம் கருவி இல்லையான்னு கேப்பீங்க. தாராளமா இருந்தது. 1993-லயே நார்வேயில ஆஸ்லோ பல்கலைக்கழகத்துல இருந்த மார்க் பர்கெஸ் என்கிற இயற்பியல்காரர், பல கம்ப்யூட்டரை ஒரே மாதிரி வச்சுக்கிற தலைவலி தாங்காம சி.எஃப்.எஞ்சின் என்று ஒண்ணு எழுதினார். அதுல இருக்கிற யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "இதைச் செய், அதைச் செய்"னு ஒவ்வொரு பொட்டிக்கும் கட்டளை போடக் கூடாது. "நீ இப்படி இருக்கணும்"னு எழுதி வச்சுடணும். பொட்டியே தன்னைத் தானே பார்த்து, அப்படி இல்லைன்னா சரி பண்ணிக்கும். காப்பி பண்ண மறக்கிறதுங்கிற பேச்சே இல்ல. லினக்ஸ் உலகத்துல டெபியன்காரங்களும் ரெட் ஹேட்காரங்களும் 90-கள் நடுவுலயே புரோகிராமை பதிப்பு எண் போட்ட பேக்கேஜா கட்டி, எந்தப் பொட்டியில எந்தப் பதிப்பு இருக்குன்னு கேட்டா சொல்ற அளவுக்கு வந்துட்டாங்க. கோடிக்கணக்குல பணம் புரள்ற இடத்துல, பத்தொன்பது வருஷம் கழிச்சும் ஒரு மனுஷன் கையால காப்பி பண்ணிக்கிட்டு இருந்தார். நான் பண்ணினதும் அதேதான், இன்னும் பத்து வருஷம் லேட்டா.

எங்க ஆர்.பி.ஏ. உலகமும் இந்தப் பாடத்தை ஒரே நாள்ல படிக்கல. இங்கிலாந்துல 2001-ல் அலாஸ்டர் பாத்கேட், டேவிட் மாஸ் ரெண்டு பேரும் புளூ பிரிசம் ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல இருந்தே நோட்டை அடுப்படிக்கு அனுப்பல. எல்லாத்தையும் ஒரு டேட்டாபேஸ்ல வச்சு, மிஷினுங்க அங்கிருந்து எடுத்துக்கிற மாதிரி பண்ணாங்க. இந்தத் தொழிலுக்கு ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்னு பேர் வச்சதும் அங்க மார்க்கெட்டிங்ல இருந்த பேட் கியரிதான், அதுவும் அதே 2012-ல். எங்க அம்மா போட்ட அத்தனை ஃபோன் காலுக்கும் பொறுப்பு அவர்தான்.

ருமேனியாவோட புகாரெஸ்ட்ல 2005-ல் டேனியல் டைன்ஸ், மாரியஸ் டிர்கா ரெண்டு பேரும் டெஸ்க்ஓவர்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. 2015-ல் அது யுஐபாத் ஆச்சு, 2021 ஏப்ரல்ல நியூயார்க் பங்குச் சந்தையிலயே பட்டியலாச்சு. இவங்க பேக்கேஜுக்குப் புதுசா எதையும் கண்டுபிடிக்கல. மைக்ரோசாஃப்ட் உலகத்துல 2010-ல் வந்த நியூகெட் பேக்கேஜையே எடுத்துக்கிட்டாங்க. உள்ள பார்த்தா சாதா ஜிப் ஃபைல்தான், மேல பேரும் பதிப்பு எண்ணும் ஒட்டியிருக்கும். அந்த எண்தான் முக்கியம். (ஆட்டோமேஷன் எனிவேர்ல பேக்கேஜ்னா அர்த்தமே வேற, பல செயல்களோட தொகுப்பு. இன்டர்வியூல மாட்டிக்காதீங்க.)

யுஐபாத்ல முன்னாடி ஒரு முறை இருந்தது. ரோபாட்டை உருவாக்கும்போதே இந்த மிஷின், இந்த யூசர்னு பேர் எழுதிக் கட்டிப் போட்டுடணும். அப்புறம் ரோபாட்டுகளைக் கூட்டமாச் சேர்த்து, அந்தக் கூட்டத்துக்கு பேக்கேஜைக் கொடுக்கணும். மாஸ்டரை அடுப்போட சேர்த்து சிமென்ட் வச்சுப் பூசின மாதிரி. புதுசா மிஷின் வந்தா கூட்டத்துல சேர்க்க மறந்துடுவாங்க. 2019-ல மூணையும் பிரிச்சாங்க. ரோபாட்ங்கிறது ஒரு யூசரோட அடையாளம். மிஷின்ங்கிறது ஒரு அச்சு, ஒரே சாவியை வச்சு பத்து பொட்டியைக் கூட இணைக்கலாம். பேக்கேஜ் மையத்துல இருக்கும். வேலை வரும்போது இந்தப் பதிப்பு, இந்த யூசர் பேர்ல, காலியா இருக்கிற மிஷின்லன்னு அப்பப்போ மூணும் சேரும், தேவையான பதிப்பு மிஷின்ல இல்லைன்னா அதுவே இறக்கிக்கும். பழைய முறையை 2023-ல் மொத்தமா எடுத்துட்டாங்க. பழக்கப்பட்டவங்க பலர் புலம்பினாங்க. நான் புலம்பல. எட்டாவது பொட்டி எதுன்னு நான் ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல, இணைஞ்ச பொட்டியே வந்து "நான் இருக்கேன்"னு சொல்லும்.

அதுக்காக இது இருந்திருந்தா நைட் கேப்பிட்டல் பிழைச்சிருக்கும்னு நான் சொல்ல வரல. செத்த கோடை அழிக்கிறது நம்ம வேலை, எந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டரும் பண்ணித் தராது. பழைய ஸ்விட்சை வேற காரியத்துக்கு எடுக்காதன்னும் அதுக்குச் சொல்லத் தெரியாது. பேக்கேஜ் ஒண்ணா இருந்தாலும் ஒரு மிஷின்ல எக்செல் பழசு, இன்னொண்ணுல திரை அளவு வேறன்னு இருந்தா ரோபாட் தப்பான இடத்துல போய் கிளிக் பண்ணும், இது வாரம் ஒரு தடவை எனக்கு நடக்குது. எனக்கு உண்மையாவே பயம் இன்னொண்ணுல. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போறதுக்கு இப்போ ஒரே ஒரு பட்டன். அன்னைக்கு நைட் ஆளுங்க ஏழு சர்வர்ல கைப்பட பண்ணின காரியத்தை, நாம ஒரு கிளிக்ல பண்ணலாம். அந்தப் பட்டன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ரோபாட்டை எல்லாம் நிறுத்திட்டுத்தான் அடுத்த வேலைன்னு எங்க டீம்ல இப்போ எழுதி வச்சிருக்கோம். எழுதினது நான்தான். புது வாடிக்கையாளர் மையக் கட்டுப்பாடு வேண்டாம்னா, மிஷின் பட்டியலை நாம எழுதாம நெட்வொர்க்ல இருந்து எடுக்கிறதுன்னும் வச்சிருக்கோம்.

அந்த உத்தரவைப் படிச்சு முடிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு தைரியம் வந்தது. அந்தப் பையன் அதுக்குள்ள வேலை மாறி பெங்களூர் போயிருந்தான். ஃபோன் பண்ணி, கொஞ்ச நேரம் சாப்பாடு, வீட்டு வாடகைன்னு இழுத்துட்டு, அப்புறம் சொன்னேன். ஷீட்ல ஆறாவது வரியைப் போடாதது நான்தான்டா, மீட்டிங்ல சொல்லியிருக்கணும், சொல்லல.

அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

"தெரியும்ங்ணா. நீங்க அனுப்புன ஷீட்டு இன்னும் என்ற மெயில்ல இருக்குது"ன்னான்.

அன்னிக்கே டேமேஜருக்கு ஒரு மெயில் எழுதினேன். பழைய ஷீட்டையும் இணைச்சு, யார் தயார் பண்ணது, எந்த வரி இல்லைன்னு தெளிவா. "ஓகே, நோட்டட்"னு ரெண்டு வார்த்தையில பதில் வந்தது. அந்தப் பதிலை அப்படியே அவனுக்கு ஃபார்வர்ட் பண்ணேன்.